யுகுலேலேயில் சோகப் பாட்டு: குறைவாக மீட்டப் பழகுவது எப்படி?

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் சிங்கப்பூர் வீடுகள் பலவற்றில் ஒரு யுகுலேலே, அதாவது கிட்டார் போன்ற சின்ன நான்கு தந்திக் கருவி, கிடக்கும். பள்ளி இசை வகுப்புக்கென்று வாங்கியிருப்பார்கள். பிள்ளை உயர்நிலைப்பள்ளிக்குப் போனதும் அது அலமாரியின் மேல் ஏறிவிடும். ஒருநாள் அம்மாவோ அப்பாவோ அதை இறக்கி, தூசி தட்டி, மனத்துக்குப் பிடித்த பழைய சோகப் பாட்டு ஒன்றை வாசித்துப் பார்க்கலாம் என்று உட்காருவார்கள். சமூக மன்ற யுகுலேலே வகுப்பில் சேர்ந்தவர்களுக்கும் இரண்டு மூன்று கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) கைவந்ததும் இதே ஆசை வரும். கார்டெல்லாம் சரியாகத்தான் இருக்கும், பாட்டு மட்டும் துள்ளும். அழ வேண்டிய இடத்தில் ஆடக் கூப்பிடும்.

இதற்குக் காரணம் பாதி கருவியிடம், பாதி நம் வலது கையிடம் இருக்கிறது. கருவியின் இயல்பு புரிந்துவிட்டால் கையைத் திருத்துவது சுலபம்.

யுகுலேலே உருவானது ஹவாயில். 1879 ஆகஸ்டில், போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ஹோனலூலு வந்திறங்கிய குடும்பங்கள், மஷேட் என்ற சின்ன நான்கு தந்திக் கருவியைக் கூடவே கொண்டுவந்தன. அந்தக் கூட்டத்தில் இருந்த மரவேலைக்காரர்கள் பிறகு கோவா என்ற உள்ளூர் மரத்தில் செய்யத் தொடங்கிய கருவிதான் யுகுலேலே ஆனது. மன்னர் கலாகௌவா அதை அரண்மனை விருந்துகளிலும் நடனங்களிலும் வாசிக்க வைத்தார். ஆக, ஆட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த கருவி இது.

அதன் உடல் சிறியது, தந்திகளும் குட்டையான நைலான் தந்திகள். மீட்டியதும் ஒலி சட்டென்று எழும்பி, சட்டென்று தேய்ந்துவிடும். கிட்டாரைப் போல நீண்டு நிற்காது. வேகமான பாட்டுக்கு இது பெரிய வரம், ஒவ்வொரு தட்டும் பளிச்சென்று தனியாகக் கேட்கும். மெதுவான பாட்டில்தான் சிக்கல். நிமிடத்துக்கு 60 தட்டு, அதாவது கடிகாரத்தின் நொடி முள் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு தட்டுள்ள ஒரு சுற்று முடிய நான்கு நொடி ஆகும். முதல் தட்டில் மீட்டிய கார்டு அதற்குள் மெலிந்துவிடும், நடுவில் ஒரு வெற்றிடம் வரும். புதிதாகக் கற்பவர் அந்த வெற்றிடத்தைக் கண்டு பயந்து, மேலும் கீழுமாக மீட்டி நிரப்பிவிடுகிறார். பாட்டு துள்ளத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

சோகப் பாட்டு வாசிக்கப் பழகுவது என்றால், பெரும்பகுதி, அந்த வெற்றிடத்தோடு இருக்கப் பழகுவதுதான்.

முதலில் இடது கை. யுகுலேலேயின் நான்கு தந்திகளை ஜி, சி, ஈ, ஏ என்று சுதி சேர்ப்பார்கள். உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது நான்காவது தந்தி, ஜி. தரையைப் பார்த்து இருப்பது முதல் தந்தி, ஏ. இதில் ஒரு விசித்திரம் உண்டு: நான்காவது தந்திதான் தாழ்ந்த ஒலி என்று நினைப்போம், ஆனால் வழக்கமான யுகுலேலேயில் அது மூன்றாவது தந்தியைவிட உயரமாக ஒலிக்கும். எல்லாவற்றிலும் தாழ்ந்தது மூன்றாவது தந்தியான சி. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது இதைச் செய்து பாருங்கள். கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளுக்கு இடைப்பட்ட கட்டம்தான் ஃப்ரெட். நடுவிரலை நான்காவது தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் வையுங்கள். ஆள்காட்டி விரலை மூன்றாவது தந்தியின் முதல் ஃப்ரெட்டில் வையுங்கள். நான்கு தந்திகளையும் கட்டைவிரலால் மெல்ல வருடுங்கள். இது ஏ மேஜர். வெளிச்சமான ஒலி. இனி நடுவிரலை அசைக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிவிட்டு மறுபடி வருடுங்கள். இது ஏ மைனர். முகம் வாடியது கேட்கிறதா? நான்கு சுரங்களில் ஒன்றே ஒன்றுதான் மாறியது, அதுவும் அரை சுரம்தான் இறங்கியது.

வீட்டில் கர்நாடக இசை கற்றவர் யாராவது இருந்தால் இதை அவர் உடனே புரிந்துகொள்வார். ஏ என்பதை ஸட்ஜமமாக ('ஸ') வைத்தால், மேஜரில் ஸட்ஜமம், அந்தர காந்தாரம் (உயர்ந்த 'க'), பஞ்சமம் ('ப') இருக்கின்றன. விரலைத் தூக்கியதும் அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாக இறங்கிவிட்டது, அவ்வளவுதான். முகாரி, சிவரஞ்சனி, சுபபந்துவராளி என்று நாம் துயரத்தோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய ராகங்கள் பலவற்றில் இருப்பதும் இந்தச் சாதாரண காந்தாரம்தான். அதற்காக மைனர் என்றாலே சோகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே சுரங்களில் அமர்க்களமான குத்துப் பாட்டும் உண்டு. சுரம் கதவைத் திறந்துவிடும், உள்ளே சோகம் வருகிறதா கொண்டாட்டம் வருகிறதா என்பதை வேகமும் வலது கையும்தான் முடிவு செய்யும்.

தொடங்குவதற்கு நான்கு கார்டு போதும்: ஏ மைனர், எஃப், சி, ஜி. ஏ மைனரிலிருந்து எஃப் போவது மிகச் சுலபம். நடுவிரல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், ஆள்காட்டி விரலை இரண்டாவது தந்தியின் முதல் ஃப்ரெட்டில் வைத்தால் எஃப் வந்துவிடும். சி கார்டுக்கு மோதிர விரலை முதல் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வைத்தால் போதும், மற்ற மூன்றும் திறந்த தந்திகள். ஜி கார்டுக்குத்தான் மூன்று விரல் வேண்டும்: ஆள்காட்டி விரல் மூன்றாவது தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில், நடுவிரல் முதல் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில், மோதிர விரல் இரண்டாவது தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில்.

இடது கை விஷயத்தில் சோகப் பாட்டுக்கென்றே ஒரு கவனம் தேவை. அடுத்த கார்டுக்கு ஓடும் அவசரத்தில் விரல்களைச் சீக்கிரம் எடுத்துவிடாதீர்கள். எடுத்த நொடியில் ஒலி அறுந்துபோகும். வேகமான பாட்டில் அது காதில் படாது, மெதுவான பாட்டில் ஒவ்வொரு அறுப்பும் கேட்கும். ஏற்கெனவே குறைவாகத்தான் நீள்கிற ஒலி இது. அதன் ஆயுளை நாமே குறைக்க வேண்டாம். ஏ மைனரிலிருந்து எஃப் போகும்போது நடுவிரலை எடுக்காதீர்கள் என்று சொன்னதும் இதனால்தான்.

சரி, வலது கைக்கு வருவோம்.

பெரும்பாலான வகுப்புகளில் ஆள்காட்டி விரல் நகத்தால் கீழே, அதே விரலின் சதையால் மேலே என்று மீட்டச் சொல்லித்தருவார்கள். உற்சாகமான பாட்டுக்கு அது சரி. சோகப் பாட்டுக்குக் கட்டைவிரலின் சதைப் பகுதியைப் பயன்படுத்துங்கள். நகம் பட்டால் ஒலியில் ஒரு கூர்மை வரும், சதை அதை மழுக்கிவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரவு நேரத்தில் பயிற்சி செய்கிறவர்களுக்கும் இதுதான் நல்லது, பக்கத்து வீட்டுக்கு எட்டாது.

எங்கே மீட்டுவது என்பதும் முக்கியம். கிட்டார் பழகியவர்கள் ஒலித்துளைக்கு மேல் கையை வைப்பார்கள். யுகுலேலேயில் கழுத்தும் உடலும் சேரும் இடத்துக்குக் கையை நகர்த்துங்கள். தந்தியின் நடுப்பகுதியை நெருங்க நெருங்க மேல் அதிர்வுகள் குறைந்து ஒலி மென்மையாகும். உடலில் தந்திகள் கட்டியிருக்கும் பாலத்துக்குப் பக்கத்தில் போனால் கீச்சென்று பளபளக்கும். ஒரே கார்டை இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றி மீட்டிக் கேளுங்கள். வேறு வேறு கருவியோ என்று தோன்றும்.

அப்புறம், மீட்டும் வேகம். தாளத்தின் வேகத்தைச் சொல்லவில்லை, கட்டைவிரல் நான்காவது தந்தியிலிருந்து முதல் தந்திக்குப் போகிற வேகத்தைச் சொல்கிறேன். அதை வேண்டுமென்றே தாமதப்படுத்துங்கள். நான்கு தந்தியும் ஒன்றாக அடிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வரட்டும். ஒரே கார்டுதான், ஆனால் அது வந்துசேர நேரம் எடுத்துக்கொள்கிறது. ஒலி குறுகிய கருவியில் நேரத்தை நிரப்ப இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இந்த ஒன்றை மட்டும் ஏ மைனரில் வைத்து, வேறெதுவும் செய்யாமல், சில நாள் பழகுங்கள். முதல் மூன்று தந்தியைக் கடந்து கடைசித் தந்தியைத் தொடும்போது விரல் தானாக இலேசாக வேண்டும். பெரும்பாலானவர்கள் அங்கேதான் அழுத்திவிடுகிறார்கள், ஏ தந்தி தனியாகத் தெறித்துவிடுகிறது.

இனித் தாளம். எண்ணுவதற்கு நம்மிடம் நல்ல சொற்கட்டு இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம். நான்கு தட்டுள்ள ஒரு சுற்றை 'தகதிமி தகதிமி' என்று எட்டாகச் சொல்லுங்கள். த, தி வரும்போது கை கீழே இறங்கும். க, மி வரும்போது மேலே ஏறும். தந்தியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் கை இந்த அசைவை விடக் கூடாது. எங்கே தொடுவது, எங்கே தொடாமல் காற்றில் போவது என்பதுதான் மீட்டும் முறை.

தீவுப் பாணி என்று எல்லா யுகுலேலே வகுப்பிலும் சொல்லித்தரும் மீட்டல், இந்த எட்டில் முதல் க-வையும் இரண்டாவது த-வையும் மட்டும் விட்டுவிட்டு மற்ற ஆறிலும் தொடும். துள்ளலின் இரகசியம் அந்த இரண்டாவது த-வில் இருக்கிறது. அழுத்தம் விழ வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, அடுத்த க-வில் கை மேலே வரும்போது தட்டுகிறது. அதனால்தான் உடம்பு தானாக ஆடுகிறது. அழகான பாணிதான், ஆனால் சோகப் பாட்டில் அதைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் துள்ளல் போகாது.

நமக்கு வேண்டியது வேறு. முதல் படியில், எட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் தொடுகிறோம்: முதல் த. கட்டைவிரலை உருட்டி ஒருமுறை மீட்டிவிட்டு, மீதி ஏழையும் வாயால் சொல்லிக்கொண்டே கேட்டுக்கொண்டிருங்கள். ஒலி எங்கே தேயத் தொடங்குகிறது என்று காதுக்குத் தெரியும். பொதுவாக இரண்டாவது த-வை நெருங்கும்போது அது மெலிந்திருக்கும். அந்த இடத்தில்தான் இரண்டாவது மீட்டல் வரவேண்டும், முதலாவதைவிட மென்மையாக. இது இரண்டாம் படி. மூன்றாம் படியில் கடைசி மி-யில் ஆள்காட்டி விரலின் சதையால் மேல்நோக்கி ஒரு தொடல், முதல் இரண்டு தந்திகளை மட்டும், பட்டும் படாமலும். அது அடுத்த கார்டுக்குக் கைபிடித்து அழைத்துப்போகும். மொத்தம் மூன்றே தொடல். இதிலேயே ஒரு முழுப் பாட்டைப் பாடி முடித்துவிடலாம்.

பல்லவியில் முதல் படி, சரணத்தில் மூன்றாம் படி, உணர்ச்சி உச்சத்துக்குப் போகும் வரியில் மட்டும் இன்னும் ஒன்றிரண்டு கூடுதல், மறுபடி பல்லவிக்கு வரும்போது ஒரே தொடல் என்று மாற்றிக்கொள்ளுங்கள். பாட்டு முழுக்க ஒரே மீட்டல் என்றால் எவ்வளவு நல்ல குரலும் சலித்துவிடும்.

தமிழ்ச் சோகப் பாட்டுகளில் ஆறாக எண்ணும் நடை நிறைய உண்டு. அவற்றுக்குத் 'தகிட தகிட' என்று சொல்லிக்கொள்ளுங்கள். இதற்கு மீட்டுவதைவிடத் தந்திகளைப் பிரித்துப் பறிப்பது நன்றாகப் பொருந்தும். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசையில் ஆறு எழுத்துக்கு ஆறு தந்தி. கட்டைவிரல் நான்கையும் மூன்றையும் பார்த்துக்கொள்ளும், ஆள்காட்டி விரல் இரண்டாவது தந்தியை, நடுவிரல் முதல் தந்தியை. ஆனால் ஏ மைனரில் ஒன்றைக் கவனியுங்கள்: நான்காவது தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் வரும் சுரமும் திறந்த முதல் தந்தியின் சுரமும் ஒன்றேதான். வரிசையின் தொடக்கமும் உச்சியும் ஒரே சுரமாகிவிடுவதால் தொடக்கத்தில் கனம் இருக்காது. முதல் எழுத்தில் நான்குக்குப் பதிலாக மூன்றாவது தந்தியைத் தொட்டுப் பாருங்கள், அதாவது மூன்று, நான்கு, இரண்டு, ஒன்று, இரண்டு, நான்கு. தாழ்ந்த சி முதலில் விழும்போது பாட்டுக்குத் தரை கிடைத்துவிடும். மூன்றாவது தந்தி பற்றி நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இவ்வளவும் கைவந்த பிறகு ஒரு சின்ன மந்திரம் உண்டு. ஏ மைனரைப் பிடித்து ஒரு சுற்று. நான்காவது தந்தியில் இரண்டாம் ஃப்ரெட்டில் இருக்கும் விரலை முதல் ஃப்ரெட்டுக்கு இறக்கி ஒரு சுற்று. பிறகு விரலை எடுத்துவிட்டு நான்கு தந்தியும் திறந்தபடி ஒரு சுற்று. அடுத்து எஃப். ஒரே ஒரு தந்தி மட்டும் ஸட்ஜமத்திலிருந்து காகலி நிஷாதம் (உயர்ந்த 'நி'), கைசிகி நிஷாதம் (தாழ்ந்த 'நி') என்று அரை அரையாக இறங்குகிறது. மற்ற மூன்றும் நகரவே இல்லை. ஒருவர் மட்டும் கூட்டத்திலிருந்து மெல்ல விலகிப் போவதுபோல் இருக்கும். ஒரு விரல் வேலைதான். இருந்தும், புதிதாகக் கற்பவர் இதை முதல்முறை வாசிக்கும்போது அறையில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, ஜி-க்குப் பதில் ஈ செவன் போட்டுப் பார்ப்பது. நான்காவது தந்தியில் முதல் ஃப்ரெட், மூன்றாவதில் இரண்டாம் ஃப்ரெட், முதல் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட், இரண்டாவது தந்தி திறந்தபடி. ஏ மைனர், எஃப், சி, ஜி நான்கும் நடபைரவி ராகத்தின் சுரங்களுக்குள் அடங்கும். ஜி-யை எடுத்துவிட்டு ஈ செவன் வந்ததும் காகலி நிஷாதம் உள்ளே வந்து கீரவாணி ராகத்தின் சாயல் சேர்ந்துவிடுகிறது. அந்த நிஷாதம் ஸட்ஜமத்துக்காகத் தவிக்கும். அடுத்து ஏ மைனருக்குத் திரும்பும்போது கிடைக்கும் நிம்மதியில்தான் பாதிப் பாட்டு இருக்கிறது. உங்கள் பாட்டு எந்த நிஷாதத்தில் போகிறது என்று பாடிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் கலந்தும் வாசிக்கலாம்.

நம் பாட்டுகளுக்கே உரிய ஒரு சிரமமும் இருக்கிறது. கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) நிறைந்த மெட்டுக்குக் கீழே கார்டு போடும்போது சில இடங்களில் உரசும். குரல் காந்தாரத்தை அசைத்துக்கொண்டிருக்கும்போது கார்டு அந்தக் காந்தாரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட வரியில் ஏ மைனரைப் பிடித்தபடியே மூன்றாவது தந்தியை மட்டும் விட்டுவிட்டு, நான்கு, இரண்டு, ஒன்று மூன்றையும் ஒன்றாகக் கிள்ளுங்கள். ஸட்ஜமமும் பஞ்சமமும்தான் ஒலிக்கும், காந்தாரம் முழுக்கக் குரலுக்கே. கமகத்தை யுகுலேலேயிலேயே கொண்டுவர முயல வேண்டாம். குரல் அதைப் பார்த்துக்கொள்ளும். கார்டையும் அடிக்கடி மாற்றாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் கார்டுத் தாள்களில் சொல்லுக்கு ஒன்று என்று அடுக்கியிருப்பார்கள். அதில் பாதியை நீக்கினாலும் பாட்டு நிற்கும், பெரும்பாலும் இன்னும் நன்றாக நிற்கும்.

பாடத் தொடங்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. தாளம் விழுந்த பிறகு, அரைத் தட்டோ ஒரு தட்டோ தள்ளித் தொடங்கும் பாட்டுகள் நம்மிடம் ஏராளம், அனாகத எடுப்பு என்பார்கள். கார்டை மீட்டி, அது ஒலிக்கத் தொடங்கிய பிறகு குரல் உள்ளே வரும். இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தால் சொல் அமுங்கிப்போகும். ஒரு சமூக மன்ற வகுப்பில், பாடிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் பக்கத்தில் வாசித்த இளைஞரிடம் சொன்னார்: "தம்பி, நான் பாடுறப்ப நீங்க கொஞ்சம் சும்மா இருங்களேன்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அந்த இளைஞர் அடுத்த முறை சுற்றுக்கு ஒரே மீட்டலோடு நிறுத்திக்கொண்டார். நெடில் எழுத்துகள் எல்லாம் நீண்டு விரிந்தன. மெட்டு அப்போதுதான் வெளியே வந்தது.

கருவி வாங்கப் போகிறவர்களுக்கு: பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது பெரும்பாலும் சொப்ரானோ, வழக்கமான அளவுகளில் சின்னது, ஒலியும் சீக்கிரம் தேயும். சோகப் பாட்டுதான் உங்கள் விருப்பம் என்றால் கான்செர்ட் அல்லது டெனர் அளவைப் பாருங்கள். உடல் பெரிது, தந்தி நீளம், ஒலி இன்னும் கொஞ்சம் நிற்கும். சிட்டி ஹால் நிலையத்துக்குப் பக்கத்தில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கிட்டார் கடைகள் இருக்கின்றன. நேரில் போய், ஏ மைனரை ஒருமுறை மீட்டிவிட்டு அது தேயும்வரை காது கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். பத்து கார்டு வேகமாக வாசித்துப் பார்ப்பதைவிட அது உங்களுக்குப் பயன்படும். பாரிட்டோன் அளவின் சுதி வேறு, டி, ஜி, பி, ஈ. இங்கே சொன்ன விரல் இடங்கள் அதில் வேறு கார்டுகளைத் தரும்.

நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஒட்டுப்பலகையில் செய்த கருவி தாங்கும். முழு மரக் கருவி ஒலியில் ஒரு படி மேல், ஆனால் பராமரிப்பு கேட்கும். குளிர்சாதன அறையிலிருந்து புளோக்கின் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனாலே சுதி நகர்ந்துவிடும். ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றை உறைக்குள் போட்டு வையுங்கள், இடம் மாறியதும் சில நிமிடம் பொறுத்துச் சுதி சேருங்கள்.

இருக்கிற கருவியிலேயே கனம் வேண்டும் என்றால் நான்காவது தந்தியை மட்டும் தாழ்ந்த ஜி தந்தியாக மாற்றிக்கொள்ளலாம். அதற்கென்று தனித் தந்தி விற்கிறார்கள், பழைய தந்தியையே தளர்த்திவிட்டால் தொளதொளத்துப் போகும். விரல் இடங்கள் எதுவும் மாறாது. ஆனால் நான்கில் தொடங்கும் அந்த ஆறு எழுத்து வரிசைக்கு உண்மையான கீழ்ச்சுரம் கிடைக்கும், மூன்றில் தொடங்கும் மாற்று வரிசை தேவைப்படாது. இறங்கும் அந்த நிஷாத வரியும் நடுவில் ஒலிக்காமல் அடியில் ஒலிக்கும். புதுத் தந்தி முதல் சில நாள் இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சுதி பார்த்துக்கொள்ளுங்கள்.